முன்வளவுக் குழி

கனகசூரியம் என்று என் அப்பாவின் பெயரைச் சொல்லிக் கேட்டால் வந்தாறுமூலையில் பாதிப்பேர் யோசிப்பார்கள். "டிப்போ கனகர்" என்று கேட்டால் சின்னப் பிள்ளையும் கையை நீட்டி எங்கள் வீட்டைக் காட்டும். அவர் செத்து எட்டு மாதமாகிறது. எழுதினால் மனம் ஆறும் என்று என்னோடு படித்த ஒருத்தி சொன்னாள். ஆறாது. அது எனக்குத் தெரியும். ஆனாலும் அவரைப் பற்றி ஆராவது சரியாகச் சொல்ல வேண்டும். செத்த வீட்டில் வந்து "நல்ல மனிசன், ஒருத்தரோடயும் சண்டை சச்சரவு இல்ல" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனவர்களுக்கு ஒன்றும் தெரியாது.

அப்பா பஸ் டிப்போவில் மெக்கானிக். காலை ஏழு மணிக்கு உள்ளே போனால் பின்னேரம் நாலு மணிக்கு வெளியே வருவார். நிரந்தர வேலை. நாட்டில் சண்டை நடந்த காலத்திலும் சம்பளம் வந்த வேலை என்று அம்மா அதைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொல்லுவா.

ஆனால் அப்பாவுக்குப் பிடித்த வேலை நாலரை மணிக்குப் பிறகுதான் தொடங்கும். எங்கள் வீட்டுக்கு முன்னால், ரோட்டோரமாக ஒரு வளவு, வீடில்லாத வெறுங்காணி, இருக்கிறது. முன்வளவு என்போம். அங்கே ஆராவது எதையாவது தள்ளிக்கொண்டு வந்து நிற்பார்கள். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரை வயலில் உழவு நடுவில் நின்றுபோன லேண்ட்மாஸ்டர் கைட்ராக்டர், தண்ணீர் இறைக்கிற மெசின், கம்பஸ் என்று நாங்கள் சொல்லும் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகளின் மோட்டார்சைக்கிள். அப்பா நீளமான ஸ்குரூ டிறைவர் ஒன்றை எடுத்து, நுனியை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதோடு வைத்துக் கண்ணை மூடுவார். கொஞ்ச நேரத்தில் எது பழுது என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னது பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

"எஞ்சினுக்கு வருத்தம் எண்டா இந்த மனிசனுக்குக் காது கேக்கும். நான் தொண்டை கிழியக் கத்தினாக் கேக்காது" என்று அம்மா அன்னப்பூரணி திட்டுவா. அப்பா அதற்கும் கண்ணைத் திறக்கமாட்டார்.

சொந்தமாக ஒரு கராஜ் போட வேண்டும் என்பதுதான் அவருடைய ஒரே ஆசை. டிப்போவில் பஸ்ஸுக்குக் கீழே இறங்கி நின்று வேலை செய்ய ஒரு குழி இருக்கும். அதற்குள் இறங்க ஒருவர் மாறி ஒருவர் காத்திருக்க வேண்டும். நின்று ஆறுதலாக ஒரு வேலையைச் செய்ய விடமாட்டார்கள். பழைய சாமானைப் போட்டு எப்படியாவது ரோட்டுக்கு அனுப்பு என்பார்கள். "எனக்கெண்டு ஒரு குழி வேணும்" என்பார் அப்பா. ஆரும் கேட்டால் புதைகுழி கேட்கிறார் என்று நினைப்பார்கள் என்று அம்மாவுக்குக் கோபம் வரும்.

அந்தக் குழியை அவர் வெட்டியும் விட்டார். நான் கம்பஸில் இரண்டாம் வருசம் படித்தபோது, லீவு நாள்களில் ஒற்றை ஆளாக முன்வளவில் வெட்டினார். நாலு பக்கமும் சீமெந்துக் கல் வைத்துக் கட்டி, இறங்க ஐந்து படி வைத்து, மழைத் தண்ணீர் போக மூலையில் ஒரு குழாயும் வைத்தார். மேலே பலகை போட்டு மூடினார். "உன்ட கலியாணம் முடியட்டும் மகள், டிப்போக்கு ஒரு கும்பிடு போட்டுட்டு இதுக்குள்ள இறங்குறன்" என்றார்.

எங்கள் பக்கத்து வழக்கத்தைச் சொல்லாமல் மிச்சம் விளங்காது. இங்கே வீடு பெண்ணுக்குத்தான். மகளுக்குக் கலியாணம் முடிந்தால் இருக்கிற வீட்டை அவளுக்கு எழுதிக் கொடுத்துவிட்டு, தாயும் தகப்பனும் பின்னால் ஒரு சின்ன வீட்டைப் போட்டுக்கொண்டு போய்விடுவார்கள். ஆண்கள் பெண்ணின் வீட்டுக்கு வந்து குடியிருப்பார்கள். அப்பாவும் கிரானிலிருந்து அப்படித்தான் அம்மாவின் வீட்டுக்கு வந்தவர். அவர் பிறந்த வீடு அவருடைய தங்கச்சிக்குப் போனது. இருபத்தாறு வருசம் அவர் சோறு தின்று, கூரை மாற்றி, சுண்ணாம்பு அடித்த வீடு அம்மாவின் பெயரில் இருந்தது. இந்த உலகத்தில் அவருடைய பெயரில் இருந்த ஒரே நிலம் அந்த முன்வளவு. பக்கத்து வீட்டுக்காரர் ஊரை விட்டுப் போனபோது அவரிடம் வாங்கியது.

துசாந்தனுக்கு என்னைப் பேசி வந்தது 2018இல். அமிர்தகழிப் பையன், கம்பஸில் கிளார்க் வேலை. அவருடைய ஆட்கள் வந்து எங்கள் ஹோலில் இருந்தார்கள். வீடு பிள்ளைக்குத்தான் என்று அம்மா சொல்லிவிட்டா. எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது அவருடைய மாமா ஒருவர், வாயில் வெற்றிலையோடு, "வீடு சரி. வீட்டுக்குப் பாதை எங்கால? முன் காணி வேற ஆக்கள்டயா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கிற ஒடுங்கிய ஒழுங்கையால் வந்தவர், அதனால் கேட்டார்.

அப்பா ஒரு நிமிசமும் யோசிக்கவில்லை. "அதுவும் என்ட பிள்ளைக்குத்தான்" என்றார். அம்மா குசினி வாசலில் கரண்டியோடு நின்று அவரைப் பார்த்த பார்வை எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆரும் கேட்காததை அவர் கொடுத்தார். மாப்பிள்ளை வீட்டார் முன்னால் பெரிய மனிதனாக நிற்க அவருக்கும் ஆசை இருந்திருக்கிறது.

முன்வளவுக்கு உறுதிப் பத்திரம் எழுதப் போனபோது நானும் கூடப் போனேன். நொத்தாரிசு வயதான மனிதர், அவசரமில்லாதவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலால் அப்பாவைப் பார்த்து, "சீவிய உரித்து வைக்கட்டா கனகசூரியம்? நீங்க உயிரோட இருக்குமட்டும் காணிய நீங்க ஆண்டு அனுபவிக்கலாம். உங்களுக்குப் பிறகுதான் பிள்ளைக்கு முழுசாப் போகும். எல்லாரும் வைக்கிறவங்க" என்றார்.

துசாந்தனும் அவருடைய மாமாவும் அடுத்த கதிரைகளில் இருந்தார்கள். அப்பா சிரித்தார்.

"என்ட பிள்ளைட வளவில நான் கால் வைக்கிறதுக்கு எழுத்து வேணுமா ஐயா? எழுதுங்க, முழுசா எழுதுங்க."

எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமையை நினைத்தால் இப்போது என்னை நானே அறைய வேண்டும் போல இருக்கிறது.

கலியாணம் முடிந்து அப்பாவும் அம்மாவும் பின்வீட்டுக்குப் போனார்கள். இரண்டு அறை, மேலே தகரம். உடனே டிப்போவை விடுவார் என்று நினைத்தோம், விடவில்லை. முதலில் பின்வீட்டு வேலை முடியவில்லை. பிறகு கொரோனா வந்தது. அந்தப் பலகைகள் அப்படியே கிடந்தன. ஆனால் பின்னேரங்களில் அவர் பழையபடி முன்வளவில் நிற்பார், லேண்ட்மாஸ்டர்காரர்கள் பழையபடி வருவார்கள், என் கணவரும் தேத்தண்ணியோடு போய்ப் பக்கத்தில் குந்திக்கொண்டு விடுப்பும் ஊர்க்கதையும் கேட்பார். ஆரும் ஆரிடமும் எதுவும் கேட்டதில்லை.

2022இல் டொலர் இல்லாமல், சாமான் வராமல் நாட்டில் ஒன்றும் இல்லாமல் போனது எல்லாருக்கும் தெரியும். புதுச் சாமான் வாங்க ஏலாது, இருக்கிறதைத் திருத்தித்தான் ஓட்ட வேண்டும். ஓட்டமாவடியில் ஸ்பெயார் பாட்ஸ் கடை வைத்திருக்கும் உசனார் காக்கா அப்பாவின் நெடுநாள் கூட்டாளி; முஸ்லிம் அண்ணன்மாரைக் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். கடைக்கு வருகிறவர்களெல்லாம் நல்ல மெக்கானிக் எங்கே என்று கேட்டு அவரைக் குடைந்தார்கள். ஒருநாள் அவர் வந்து முன்வளவில் நின்றபடியே சத்தம் போட்டார்.

"கனகர், இப்ப இல்லாட்டி எப்ப? அம்பத்தஞ்சு வயசாகப் போகுது. அறுபதுல வெளிய வந்து என்னத்த முறிக்கப் போறீங்க? சங்கிலிக் கப்பி ஒண்டு கடையில சும்மா கிடக்கு, எஞ்சின் தூக்க அது போதும். நீங்க ஓம் எண்டு சொல்லுங்க, நாளைக்கே கொண்டாந்து போடுறன்."

அப்பா மூன்று மாதம் யோசித்தார். அந்த மூன்று மாதமும் அவரைப் பார்க்கப் பாவமாக இருக்கும். காலையில் விடலாம் என்பார், பின்னேரம் வேண்டாம் என்பார். அம்மாவோ, "மாசம் முடிய வாற சம்பளத்த விட்டுப்போட்டு ஆருட லேண்ட்மாஸ்டர் உடையும் எண்டு பாத்துக்கிட்டு இரிக்கப் போறீங்களா?" என்று கேட்டா. அதிலும் நியாயம் இருந்தது. இருபத்தெட்டு வருசம் ஒரே வாசலால் போய் வந்த மனிதனுக்கு வாசலை மாற்றுவது லேசில்லை. சாப்பிடும்போது கையைச் சோற்றுக் கோப்பையில் வைத்தபடி எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பார்.

கடைசியில் ஒரு வியாழக்கிழமை என்னிடம் வந்தார். "மகள், உன்ட எழுத்து வடிவு. வேலையை விடுற கடிதம் ஒண்டு எழுதித் தா" என்றார். எனக்குச் சந்தோசம். இடுப்பில் இருந்த என் மகனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, கோடு போடாத வெள்ளைத் தாளில் எழுதினேன். அப்பா ஒவ்வொரு வரியாகச் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் கையெழுத்து வைத்தார். "திங்கள் குடுக்கிறன்" என்று மடித்துச் சேட்டுப் பையில் வைத்தார். அன்று பின்னேரமே உசனார் காக்காவுக்குப் போன் பண்ணி, கப்பியைக் கொண்டு வரச் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் முன்வளவுக்குப் போய்ப் பலகைகளைத் தூக்கினார். குழிக்குள் இலையும் சேறும் தவளையும். வாளியால் அள்ளி அள்ளிக் கொட்டி, படிகளைத் தேய்த்துக் கழுவினார். அவர் விசிலடித்ததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகக் கேட்டேன்.

அன்று வீட்டில் என் கணவரின் அக்கா சர்மிலா மச்சாள் இருந்தா. மாமாங்கத் திருவிழா முடிந்து எங்களைப் பார்க்க வந்திருந்தா. நல்ல மனிசி, ஆனால் கண் எல்லா இடமும் போகும். முதல்நாள்தான் முன்வளவைப் பார்த்து, "இதில பூக்கண்டு வச்சா வீடு எவ்வளவு எடுப்பா இருக்கும்" என்று சொல்லியிருந்தா. நானும் அவவும் வாசல் படியில் இருந்து மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தோம். அப்பா சேற்றுக் கையோடு வந்து எங்களுக்கு முன்னால் நின்றார்.

"மகள், ரோட்டுப் பக்கமா நாலு கம்பி நட்டுத் தகரம் போடப்போறன். திங்களோட டிப்போ முடிஞ்சுது. என்ன, போடட்டா?"

அது கேள்வியே இல்லை. பிள்ளையிடம் சந்தோசத்தைச் சொல்ல வந்த மனிதன் சும்மா வாய்க்கு வந்தபடி கேட்டது. "போடுங்கப்பா" என்று சொல்லியிருந்தால் முடிந்தது. எனக்குப் பக்கத்தில் மச்சாள் கத்தியை நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தா. வீட்டுக்காரியாக, புருசனை மதிக்கிற பெண்ணாக, பெரிய மனிசியாக நான் அவவுக்கு முன்னால் தெரிய வேண்டும் என்று அந்த நேரம் எனக்குள் என்ன பேய் புகுந்ததோ தெரியாது.

"அவரிட்ட ஒருக்காக் கேட்டுட்டுச் சொல்றன் அப்பா" என்றேன்.

அப்பாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மாறியிருந்தால் நான் பிடித்திருப்பேன். "ஓம் ஓம், கேக்கத்தானே வேணும்" என்றார். வாளியை எடுத்துக்கொண்டு போனார். நான் கத்தரிக்காயை வெட்டத் தொடங்கினேன்.

என் கணவர் ஒரு மணிக்கு வந்தார். சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். அவர் கையைக் கழுவாமல் என்னைப் பார்த்தார்.

"இதுக்கு என்னட்டக் கேக்கணுமா? உனக்கு விசரா? ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே."

நான் பின்வீட்டுக்கு ஓடினேன். போகும் வழியில் பார்த்தேன், குழிக்கு மேலே பலகைகள் திரும்பவும் அடுக்கியிருந்தன. அப்பா குளித்துவிட்டு, சாரத்தோடு மர வாங்கில் இருந்தார்.

"அப்பா, அவர் ஓம் எண்டுட்டார். கேக்கவே தேவையில்ல எண்டு என்னை ஏசுறார்."

"நல்ல பிள்ளை அவர்" என்றார். "வேணாம் மகள். நான் யோசிச்சுப் பாத்தன். டிப்போவிலயே இரிக்கன். நிரந்தர வேலை."

நான் அழுதேன், கையைப் பிடித்தேன். அவர் என் தலையைத் தடவினார். கோபம் இருந்தால் சண்டை பிடித்துத் தீர்த்திருக்கலாம். அவரிடம் கோபமே இல்லை. நான் சொன்னது அவருக்கு ஒரு செய்தி மாதிரிப் போய்ச் சேர்ந்துவிட்டது. அதுவரை அவருக்குத் தெரியாத ஒன்றை நான்தான் சொல்லிக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை ஏழு மணிக்கு டிப்போவுக்குப் போனார், கடிதம் சேட்டுப் பையில் இருந்தது. நாலு மணிக்குத் திரும்பி வந்தார், அப்போதும் அதே பையில் இருந்தது. அம்மா சேட்டோடு சேர்த்து அதைத் தோய்த்துவிட்டா. கல்லில் அடிக்கும்போது வெள்ளை வெள்ளையாகப் பிய்ந்து வந்ததாம். அப்பாவிடம் காட்டினாவாம். "அது சும்மா ஒரு தாள்" என்றாராம்.

புதன்கிழமை உசனார் காக்கா கப்பியைத் தன் வேனில் ஏற்றிக்கொண்டு வந்தார். அப்பா அவரை ரோட்டிலேயே நிறுத்தி ஏதோ சொன்னார். கொஞ்ச நேரத்தில் காக்கா கப்பியை இறக்காமலே வேனைத் திருப்பினார். திருப்பும்போது வாசலில் நின்ற என்னைப் பார்த்தார்.

அடுத்த ஞாயிறு அப்பா மண் ஏற்றி வந்து குழியை நிரப்பினார். நான் குறுக்கே போய் நின்றேன். என் மகன் அப்போதுதான் எட்டு வைக்கத் தொடங்கியிருந்தான். "பிள்ளை விழுந்தா என்ன செய்வாய்? தள்ளி நில்லு மகள்" என்றார். நான் தள்ளி நின்றேன். தான் வெட்டிய குழியைத் தானே மூடி, மேலே காலால் மிதித்து மட்டம் பார்த்தார்.

அதற்குப் பிறகு லேண்ட்மாஸ்டர்காரர்களைப் பின் ஒழுங்கையால் வரச் சொன்னார். ஒழுங்கையில் லேண்ட்மாஸ்டர் திரும்பாது, மெல்ல மெல்ல அவர்கள் வருவதை விட்டார்கள். அவரும் முன்வளவால் நடப்பதை விட்டார். எங்கள் வீட்டுக்கு வந்தால் வாசலில் நின்று இருமுவார். "உள்ளுக்கு வாங்கப்பா" என்று நான் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவார். இருபத்தாறு வருசம் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு நடமாடிய வீடு அது. என் கணவர் இரண்டு தரம் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து கதிரையில் இருத்தினார். மரியாதைக்கு இருந்துவிட்டு எழும்பிப் போய்விடுவார்.

ஒருநாள் எனக்குப் பொறுக்க ஏலாமல் போனது. "முன்வளவைத் திருப்பி உங்கட பேருக்கே எழுதித் தாறன், நொத்தாரிசுட்டப் போவம், வாங்க" என்று கத்தினேன். அன்றைக்கு மட்டும்தான் அவருக்குக் கோபம் வந்தது. "குடுத்ததைத் திருப்பி வாங்குறவனா நான்?" என்று கேட்டார். பிறகு அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை. எடுக்காமல் விட்டதும் என் பிழைதான். காலில் விழுந்திருக்க வேண்டும், சோறு தின்னாமல் கிடந்திருக்க வேண்டும். நாளைக்குச் சரியாகிவிடும் என்று நினைத்து நினைத்து இரண்டு வருசத்துக்கு மேல் போனது.

போன வருசம் அவருக்கு நெஞ்சு வருத்தம் வந்தது. டிப்போவில் பஸ்ஸுக்குக் கீழே வேலை செய்துகொண்டிருந்தவர் மேலே ஏறி வந்து, படியில் இருந்தவர், எழும்பவில்லை. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள். இதயம் மிகவும் பலவீனமாகிவிட்டது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று அனுப்பினார்கள். அதற்கு என்ன அர்த்தம் என்று எங்களுக்குத் தெரியும்.

உசனார் காக்காவின் வேனில்தான் கொண்டு வந்தோம். பங்குனி வெயில், காலை பதினொரு மணி. என் கணவர் கம்பஸில் லீவு சொல்லப் போயிருந்தார். அம்மா பின்வீட்டில் பாய் விரித்துவைத்திருந்தா. அந்தத் தகரத்துக்குக் கீழே அவரை எப்படிக் கிடத்துவது? நான் வேனை முன்வளவுக்குள்ளேயே விடச் சொன்னேன். மூடிய குழிக்கு மேலேதான் வேன் நின்றது. அப்பா கண்ணாடியால் கீழே பார்த்தார், பிறகு பார்வையை எடுத்துவிட்டார்.

நானும் காக்காவும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடித்துப் படியில் ஏற்றினோம். வாசலில் வந்ததும் அப்பா நின்றார். மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். மூச்சுக்கு இல்லை, இருமத்தான் நின்றார். சத்தம் வரவில்லை. "வாங்கப்பா" என்றேன். ஹோலில் காற்றாடிக்குக் கீழே கட்டிலைப் போட்டு, புது விரிப்பு விரித்திருந்தேன். அதில் மெல்ல இருத்தினோம். படுக்கவில்லை. இரண்டு கையையும் கட்டில் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு, எழும்பிப் போகிறவர் மாதிரியே இருந்தார். காற்றாடியைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். அவர் பூசிய சுவர்.

"படுங்கப்பா" என்றேன்.

"மருமகனிட்டக் கேட்டயா மகள்?" என்றார்.

குத்தலாகச் சொல்லவில்லை. என் அப்பாவுக்குக் குத்தலாகக் கதைக்கத் தெரியாது. உண்மையாகவே கேட்டார். எனக்கு ஏச்சு விழக்கூடாது என்ற பயம் அந்தக் கண்ணில் இருந்தது. உசனார் காக்கா எங்கள் பக்கம் பார்க்காமல் வாசலுக்குப் போய், தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார்.

இது உங்கட வீடு, ஆரிடமும் கேட்கத் தேவையில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அப்படிச் சொன்னால் அவர் படுக்கமாட்டார் என்று தெரிந்தது. அவருடைய கைகள் இன்னும் சட்டத்தை விடவில்லை.

"ஓம் அப்பா, கேட்டுட்டன்" என்றேன். "அவர் ஓம் எண்டவர்."

அதற்குப் பிறகுதான் அப்பா தலையைத் தலையணையில் வைத்தார்.